பக்கவாதத்துக்குப் பின் உட்காரப் பழக பேலன்ஸ் குஷன்: எப்போது வாங்கலாம், எப்போது வேண்டாம்?

காற்றடைத்த வட்டமான மெத்தை இது. விட்டம் 33 முதல் 35 செ.மீ., ஒரு பக்கம் முள்முள்ளாக, மறுபக்கம் வழவழப்பாக, ஓரத்தில் காற்றடிக்க ஒரு சின்னத் துளை. விலை ஆயிரம் ரூபாய்க்கு முன்பின். பக்கவாதம் வந்தவரை வீட்டுக்கு அழைத்து வந்ததும் பல குடும்பங்கள் ஆன்லைனில் இதைத் தேடி வாங்கிவிடுகின்றன. நல்ல பொருள்தான். ஆனால் உட்காரவே தடுமாறுகிறவரை இதன்மேல் ஏற்றினால் பலனைவிடக் கெடுதலே அதிகம்.

முதலில் தேவைப்படுவது ஆடாத, கெட்டியான, கைப்பிடி இல்லாத மர ஸ்டூல். பாதத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை உள்ள உயரமே அதன் உயரமாக இருக்கட்டும்; பெரியவர்களில் பெரும்பாலும் 40 முதல் 45 செ.மீ. வரும். ஆஸ்பத்திரிக் கட்டில் இதைவிட உயரம் என்பதால் கால் தொங்கும். கால் தொங்கினால் இடுப்புக்குப் பிடிமானமே கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலியும் ஆகாது. அதன் இருக்கை பின்பக்கம் சரிந்திருப்பதால் இடுப்பு பின்னால் மடங்கி, முதுகு கூனி, கொஞ்ச நேரத்தில் ஆள் முன்னால் வழுக்கிவிடுவார். முதுகுக்குப் பின்னால் நாலு தலையணை அடுக்குவதும் இதே கூனைத்தான் பழக்கும்.

இந்த ஸ்டூலில் சாய்மானம் இல்லாமல், கைகளை மடியில் வைத்து 10 விநாடி உட்கார முடிகிறதா என்று பாருங்கள். பெல்ஜியத்தில் உருவாக்கி 2004-ல் வெளியிட்ட நடுவுடல் அளவுகோலில் (பக்கவாதத்துக்குப் பின் உடற்பகுதியின் கட்டுப்பாட்டை அளக்கும் சோதனைத் தொகுப்பு) இதுதான் முதல் சோதனை. இதில் தவறினால், மொத்தம் உள்ள 23 மதிப்பெண்ணில் பூஜ்யம்தான். மேற்கொண்டு சோதிப்பதே இல்லை. அந்த நிலையில் இருப்பவரைக் குஷன்மேல் வைத்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வார், நல்ல கையால் கட்டில் விளிம்பை இறுக்குவார், தோளைத் தூக்குவார். உடம்பு விறைத்துக்கொள்ளத்தான் கற்றுக்கொள்ளும், சமநிலையை அல்ல.

ஸ்டூலிலேயே செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது. தொடையின் முக்கால் பாகம் இருக்கையில், இரண்டு பாதமும் முழுசாகத் தரையில், செருப்போ சாக்ஸோ இல்லாமல். துணைக்கு இருப்பவர் வாதம் வந்த பக்கம் உட்காரவேண்டும். ஒரு டம்ளரைக் கை எட்டும் தூரத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பிறகு கை நீளத்தைப் போல 1.4 மடங்கு வரை தள்ளித் தள்ளி வையுங்கள். முன்னால், நல்ல பக்கம், கடைசியாக வாதம் வந்த பக்கம். ஆஸ்திரேலியாவின் பிசியோதெரபி ஆய்வாளர்கள் கேத்தரின் டீன், ராபர்ட்டா ஷெப்பர்ட் இருவரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு வாரம் இப்படிக் கை எட்டிப் பழகியவர்கள், பாதிக்கப்பட்ட காலில் கூடுதலாக எடை ஊன்றினார்கள். எழுந்து நிற்பதற்கும் அந்த ஊன்றல்தான் அடிப்படை. வீட்டில் முள் ஓடும் எடை மெஷின் இருந்தால் வாதம் வந்த பாதத்தை அதன்மேல் வையுங்கள், அதே உயரத்துக்கு மறு பாதத்தின் கீழே பலகை. எட்டும்போது முள் ஏறுவதை அவரே பார்ப்பார். இதைவிடத் தெளிவான ஆசிரியர் இல்லை.

டம்ளரை இரண்டு பக்கமும் எட்டி எடுத்து, விழாமல் நடுவுக்குத் திரும்ப முடிகிறது என்றால் குஷனுக்கு நேரம் வந்துவிட்டது. காற்றைக் குறைவாக வையுங்கள்; உப்பலாக இருந்தால் ஆட்டம் கூடும். உட்கார்ந்தபின் உட்காரும் எலும்புக்கும் ஸ்டூலுக்கும் இடையே ஒரு விரல் தடிமன் காற்று நின்றால் போதும். பம்ப் ஊசியைத் தண்ணீரில் நனைத்துச் செருகுங்கள். காய்ந்த ஊசி துளையைக் கிழித்துவிடும். முள் பக்கம் கீழே இருக்கட்டும், உணர்ச்சி குறைந்த தோலில் அது பதிந்து சிவந்தாலும் அவருக்குத் தெரியாது. ஸ்டூலுக்கும் குஷனுக்கும் நடுவே பழைய யோகா மேட் துண்டு ஒன்று, இல்லாவிட்டால் நழுவும்.

பலரும் கவனிக்காத ஒன்று: குஷன் இருக்கையைச் சற்று உயர்த்திவிடும், நேற்றுவரை ஊன்றியிருந்த குதிகால் இன்று அந்தரத்தில் நிற்கும். அதே அளவுக்குப் பாதத்தின் கீழே அகலமான பலகை போடுங்கள். பிறகு இடுப்பை முன்னும் பின்னும் சாய்க்க 10 தடவை, பக்கவாட்டில் ஒவ்வொரு பிட்டமாகத் தூக்க 10 தடவை, நடுவே ஓய்வு. தோள் ஆடாமல் இடுப்பு மட்டும் அசையவேண்டும். தலைசுற்றல், குளிர்ந்த வேர்வை வந்தால் உடனே படுக்கவைத்து பிபி பாருங்கள். மேல் அளவு 20 புள்ளி இறங்கியிருந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். விழப் போகிறவரை வாதம் வந்த கையைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள், தோள்மூட்டு இறங்கிவிடும்.

சிலர் நல்ல கையாலேயே தங்களை வாதம் வந்த பக்கம் தள்ளிக்கொள்வார்கள், நிமிர்த்தினால் எதிர்ப்பார்கள். பிடிவாதம் அல்ல அது. ஜெர்மனியில் நரம்பியல் ஆய்வாளர் ஹான்ஸ்-ஓட்டோ கார்னாத் குழு அளந்தபோது, மூளை பாதித்த பக்கமாக, அதாவது நல்ல கை இருக்கும் பக்கமாகச் சுமார் 18 டிகிரி சாய்ந்திருப்பதையே இவர்கள் நேராக இருப்பதாக உணர்ந்தார்கள். கண் பார்வையில் நேர்கோடு பெரும்பாலும் சரியாகவே தெரியும். எதிரே கதவு நிலையைப் பார்க்கவைத்து, அதனோடு உடம்பை ஒப்பிடப் பழக்குங்கள். இவர்களுக்கு குஷன் வேண்டவே வேண்டாம்.

அவசரமும் ஆகாது. 2,104 பேர் பங்கேற்று 2015-ல் முடிவு வெளியான அவெர்ட் என்ற பக்கவாத ஆய்வில், வாதம் வந்த முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி, அதிகமாக எழுப்பிப் பயிற்சி தந்தவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட 3 மாதத்தில் சற்றுப் பின்தங்கியே இருந்தார்கள்.

ஜிம் பால் எல்லாப் பக்கமும் உருளும். பிசியோ பக்கத்தில் இல்லாமல் வீட்டில் வேண்டாம். நடுவில் ஓட்டை உள்ள காற்றுவளையம் மூலநோய்க்கானது, படம் ஒரே மாதிரி தெரிகிறதே என்று ஏமாறாதீர்கள். எடைத் தாங்கல் அளவு அச்சிட்டிருக்கும், பம்பும் சேர்ந்து வரும் குஷனாகப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் வாடை போக இரண்டு நாள் வராந்தாவில் வையுங்கள்.