ஆபரேஷனுக்குப் பிறகு திரும்பிய உணவுக்குழாய்ப் புற்றுநோய்: கீமோவும் ரேடியேஷனும் சேர்ந்தால் எவ்வளவு கைகொடுக்கும்?

கழுத்திலோ நடுநெஞ்சிலோ நெறிக்கட்டியாக, இல்லை தையல் போட்ட இடத்தில் மட்டும் நோய் திரும்பியிருந்தால், குணமாக்கும் நோக்கத்தோடே கீமோவையும் ரேடியேஷனையும் சேர்த்துக் கொடுக்கலாம். ஈரல், நுரையீரல் வரை போயிருந்தால் இதைக் கேட்டு நச்சரிக்க வேண்டாம். அங்கே உடம்பு முழுக்கப் போகும் மருந்துக்குத்தான் முதலிடம்.

ரேடியேஷனின் வழக்கமான அளவு நாளைக்கு 1.8 கிரே (கதிரை அளக்கும் அலகு), வாரம் ஐந்து நாள், 28 முறை, மொத்தம் 50.4 கிரே. கூடவே கீமோ மருந்துகள்: வாராவாரம் பாக்லிடாக்செல், கார்போபிளாட்டின். அல்லது சிஸ்பிளாட்டின், 5-எஃப்யூ. கரண்ட், அதாவது ரேடியேஷன் மட்டும் வைத்தால் போதாதா என்பார்கள். 1992-இல் வெளியான ஆர்டிஓஜி 85-01 என்ற அமெரிக்க ஆய்வில், தனியாகக் கொடுத்த 64 கிரேயைக் கீமோவோடு கொடுத்த 50 கிரே தோற்கடித்தது. ஆனால் அவர்கள் கத்தி படாத நோயாளிகள். திரும்பி வந்தவர்களுக்கான ஆதாரம் பெரும்பாலும் பழைய கோப்புகளைப் புரட்டி எடுத்ததுதான்.

பெரிய தலைவலி, ஆபரேஷனில் எடுத்த உணவுக்குழாய்க்குப் பதிலாக மேலே இழுத்து வைத்த இரைப்பை. அது கதிர் போகும் வழியில் கிடந்தால் புண், ரத்தக்கசிவு, சில சமயம் ஓட்டையே விழும். மார்பெலும்புக்குப் பின்னால் இழுத்தார்களா, உணவுக்குழாய் இருந்த பழைய பாதையிலேயே வைத்தார்களா என்பது ஆபரேஷன் குறிப்பில் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு அதையும் கேட்டு வாங்குங்கள். ஆபரேஷனுக்கு முன்பே 41.4 கிரே கதிர் வாங்கியவருக்குத் தண்டுவடமும் நுரையீரலும் தங்கள் பங்கைத் தாங்கியாகிவிட்டது. அதே இடத்தில் மறுபடி முழு அளவு கொடுப்பது ஆபத்து.

மூன்றாவது வாரத்தில் எச்சில் விழுங்கவே எரியும். சாப்பாட்டுக்குச் சற்று முன் சைலோகெயின் விஸ்கஸ் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து, உணவு கூழ் பதத்தில் ஆறு வேளை. எடை ஏற்கெனவே இறங்கியிருந்தால் நேராகக் குடலுக்கு உணவு செலுத்தும் டியூப்பை ஆரம்பத்திலேயே போட்டுவிடுவது மேல். கழுத்தில் கதிர் வாங்குபவர் மெலிந்தால், அசையாமலிருக்கப் போடும் மாஸ்க் தொளதொளக்கும். தாடைக்கும் மாஸ்க்குக்கும் நடுவே விரல் நுழைந்தால் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். மறுபடி ஸ்கேன் எடுத்துத் திட்டம் மாற்ற வேண்டிவரலாம்.

வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை, சிஸ்பிளாட்டின் என்றால் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும். 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மற்றபடி நாள் தவறவிடாதீர்கள். இடைவெளியில் கட்டி மறுபடி பெருகும்.

சிகிச்சை முடிந்து ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் சளி என்று ஆன்டிபயாடிக் மட்டும் விழுங்காமல், நெஞ்சில் கதிர் வாங்கியதைச் சொல்லி சி.டி. எடுங்கள். கட்டியை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேனுக்கு மூன்று மாதம் பொறுங்கள். அவசரப்பட்டால் கதிரால் வந்த வீக்கமும் கட்டிபோலவே ஒளிரும்.