வீட்டு டிஸ்டிலர்: சில வருடம் குடித்துப் பார்த்த பிறகு

எங்கள் வீட்டுக் குடிநீர் சில வருடங்களாக டிஸ்டிலரில்தான் தயாராகிறது. சமையல் மேடையில் வைக்கிற சின்ன வகை. நான்கு லிட்டர் பிடிக்கும் ஸ்டீல் தொட்டி, அடியில் ஹீட்டர், மூடிக்குள் சுருள் குழாய், அதற்கு மேல் ஒரு மின்விசிறி, பக்கத்தில் கண்ணாடி ஜாடி. அவ்வளவுதான் இயந்திரம். தண்ணீர் கொதித்து ஆவி சுருளுக்குள் போகும், விசிறிக் காற்றில் குளிரும், சொட்டுச் சொட்டாக ஜாடியில் விழும். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அவரவர் வீட்டுக்கு எந்த மாதிரித் தண்ணீர் வருகிறது என்பதைப் பொறுத்த விஷயம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களுக்கு வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் 900 பிபிஎம் (லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்) அளவில் காட்டும். கரைந்த உப்பு 600க்குள் இருந்தால் தண்ணீர் குடிக்க நன்றாக இருக்கும், 1000ஐத் தாண்டினால் வாயில் வைக்கப் பிடிக்காது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எங்கள் தண்ணீர் அந்த இரண்டாவது எல்லையை ஒட்டியே இருந்தது. காய்ச்சிக் குடிப்பது இதற்குத் தீர்வு இல்லை. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு எங்கேயும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற உப்பின் செறிவு கூடத்தான் செய்யும். ஃப்ளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இவற்றுக்கு அதே நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு முறையே 1.5, 50, 0.01 மில்லிகிராம். இந்த வரம்பைத் தாண்டிய தண்ணீரை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் பயனில்லை. டிஸ்டிலரில் மேலே போவது ஆவி மட்டும் என்பதால் இவையெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, தரம் இறங்காமல் இருப்பது. ஃபில்டர் கேண்டில் அடைத்துக்கொள்ளும், ஆர்ஓ இயந்திரத்தின் மெம்பரேன் என்ற வடிகட்டிச் சவ்வு மெல்ல மெல்லத் தேயும், அது தேய்ந்தது நாம் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். டிஸ்டிலரில் தேய்ந்து போக வடிகட்டி என்று எதுவும் கிடையாது. கொதிப்பதும் குளிர்வதும்தான் வேலையைச் செய்கின்றன. வாங்கிய புதிதில் மீட்டர் 1 முதல் 3 பிபிஎம் வரை காட்டியது, இன்றும் அதையேதான் காட்டுகிறது. ஆனால் அந்த எண்ணிக்கை சும்மா நிற்பதில்லை. தொட்டியை நாம் ஒழுங்காகக் கவனிக்க வேண்டும். இந்த இயந்திரத்தோடு காலம் தள்ள முடியுமா முடியாதா என்பது முழுக்க அந்தத் தொட்டியில்தான் இருக்கிறது.

ஒரு முறை ஓடி முடித்ததும் மூடியைத் திறந்தால் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருக்கும். கலங்கலாக, மஞ்சள் ஏறி, சில நாள் பழுப்பாகவே இருக்கும். ஒரு மாதிரி கசட்டு வாடை வரும். 900 பிபிஎம் தண்ணீர் நான்கு லிட்டர் என்றால் அதில் கரைந்திருந்தது சுமார் 3.6 கிராம் உப்பு. அது மொத்தமும் இந்த ஒரு கை அளவு தண்ணீரிலும், அடியில் ஒட்டிய வெள்ளைப் படிவிலும்தான் இருக்கிறது. இதை ஒவ்வொரு முறையும் கொட்டிக் கழுவ வேண்டும். அதன் மேலேயே புதுத் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் உப்பு நாளுக்கு நாள் சேரும், நுரைக்கும், நுரையோடு துளிகள் தெறித்து ஆவியில் கலந்து சுருளுக்குள் போய்விடும். ஜாடித் தண்ணீரில் மீட்டர் 10ஐத் தாண்டுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். தொட்டியில் போட்டிருக்கும் அளவுக் கோட்டுக்கு மேல் நிரப்பினாலும் இதே நடக்கும்.

அடுத்தது சுண்ணாம்புப் படிவு. நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூட்டில் உடைந்து கால்சியம் கார்பனேட்டாகி அடியில் பொருக்குத் தட்டும். வெப்பத்தை நன்றாகத் தடுக்கும் பொருள் அது. படிவு தடித்தால் ஹீட்டரின் சூடு தண்ணீருக்குப் போய்ச் சேராமல் அடித்தட்டிலேயே தேங்கும். தொட்டி வற்றிவிட்டது என்று தெர்மோஸ்டாட் (சூடு மிஞ்சினால் ஹீட்டரை நிறுத்தும் சுவிட்ச்) நினைத்துக்கொண்டு, அரை லிட்டருக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடும். இயந்திரம் கெட்டுவிட்டது என்று பலர் சர்வீஸுக்குக் கொண்டு போவது இந்தக் கட்டத்தில்தான். படிவை எடுத்தாலே சரியாகிவிடும்.

எடுப்பதற்குச் சிட்ரிக் அமிலம் போதும். படிவு மூழ்கும் அளவு தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி போட்டு, கை பொறுக்காத சூடு வரும் வரை சூடாக்கி நிறுத்திவிட்டு இரவு முழுக்க விட்டுவிடுவேன். போட்ட உடனே சிறுசிறு குமிழியாகப் பொங்கும். காலையில் ஓடு ஓடாகக் கழன்று மிதக்கும். வினிகரும் படிவைக் கரைக்கும்தான், ஆனால் நான் தொட்டியில் ஊற்றுவதில்லை. அதில் உள்ள அசிட்டிக் அமிலம் ஆவியாகக்கூடியது. மூடி போட்டுக் கொதிக்க விட்டால் சுருளுக்குள் ஏறி, அடுத்த சில முறை வருகிற தண்ணீரிலும் புளிப்பு வாடை அடிக்கும். சிட்ரிக் அமிலம் அப்படி ஆவியில் ஏறாது. ப்ளீச்சிங் பவுடர், குளோரின் கலந்த கிளீனர் எதுவும் ஸ்டீல் தொட்டிக்கு ஆகாது, குழி குழியாக அரிக்கும். கம்பி நாரும் வேண்டாம். சில ஊர்த் தண்ணீரில் சிலிகா அதிகம் இருக்கும். அது விடுகிற சாம்பல் நிறப் படிவு கண்ணாடி போல வழுவழுப்பாக ஒட்டிக்கொள்ளும், சிட்ரிக் அமிலத்துக்கு அசையாது. அதை முற்றவிடாமல் தினமும் துடைத்துவிடுவதுதான் வழி.

இனி மின்சாரம். என்னுடையது 750 வாட். நான்கு லிட்டர் முடிய நான்கரை மணி நேரம் வரை ஆகும், அதாவது ஏறக்குறைய மூன்றேகால் யூனிட். நல்ல கம்பெனி பார்த்து வாங்கினால் இது பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு போய் முழுவதும் ஆவியாக்கவே 0.7 யூனிட் தேவை. இந்த மாதிரி விசிறி வைத்துக் குளிர்விக்கும் இயந்திரம் எதுவும் இந்தக் கணக்குக்குக் கீழே போகாது. தினம் ஒரு தொட்டி என்றால் மாதம் 100 யூனிட் கூடுதலாக வரும். ஆர்ஓ இதில் சொற்பம்தான் இழுக்கும். ஆனால் அது ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றும், டிஸ்டிலரில் வீணாவது அந்த அடித்தண்ணீர் மட்டும். தண்ணீர் தட்டுப்பாடா, மின்கட்டணமா, உங்களுக்கு எது பெரிய கவலை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று யூனிட் வெப்பமும் கடைசியில் அறைக்குள்தான் இறங்குகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. வெயில் காலத்தில் மூடிய சமையலறையில் ஓட்டினால் உள்ளே நிற்க முடியாது. விசிறிச் சத்தமும் படுக்கையறைக்குப் பக்கத்தில் என்றால் தூக்கத்தைக் கெடுக்கும். நாங்கள் பின்கட்டில் வைத்து, விடிகாலையில் எழுந்ததும் போட்டுவிடுகிறோம். ராத்திரி முழுக்கத் தனியாக ஓடவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மூடியின் மேல்பக்கம் நல்ல சூடாக இருக்கும் என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாத இடமாகவும் இருக்க வேண்டும்.

ஆவியோடு தப்பி வரக்கூடியவையும் உண்டு. இதை விற்பவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. குளோரோஃபார்ம் 61 டிகிரியிலும் பென்சீன் 80 டிகிரியிலும் கொதிக்கும். தண்ணீருக்கு முந்திக்கொண்டு இவை ஆவியாகி ஜாடிக்கு வந்துவிடும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் குளோரோஃபார்ம் போன்றவை சிறிதளவு உண்டாகும். அதனால்தான் ஜாடி வாயில் சின்னக் கரிப் பை வைக்கிறார்கள். புதுப் பையை நன்றாக அலசிவிட்டு மாட்டுங்கள், இல்லையென்றால் கறுப்புத் தூள் இறங்கும். மாதம் ஒரு முறையாவது மாற்றுங்கள். இதோடு, முதலில் சொட்டுகிற அரை டம்ளரை நான் எப்போதும் கொட்டிவிடுவேன். பூச்சிக்கொல்லியோ எரிபொருளோ கலந்த தண்ணீர் என்று சந்தேகம் இருந்தால் இந்தச் சின்ன இயந்திரத்தை மட்டும் நம்பக் கூடாது, பரிசோதனைக்குக் கொடுப்பதே சரி.

சுவை? சப்பென்றுதான் இருக்கும். உப்பும் இல்லை, கரைந்த காற்றும் இல்லை. வெதுவெதுப்பாக இருக்கும்போது குடித்தால் இன்னும் மோசம். இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஆற்றி, ஒரு இரவு வைத்துவிட்டுக் குடித்தால் பெரிய வித்தியாசம் தெரியும். கொஞ்ச நாளில் நாக்கு இதற்குப் பழகிவிடுகிறது. அப்புறம் வெளியே எங்காவது தண்ணீர் குடித்தால் உப்பு உடனே தெரியும்.

தாதுச்சத்து இல்லாத தண்ணீர் உடம்புக்குக் கெடுதலா என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. கால்சியமும் மக்னீசியமும் நமக்குப் பெரும்பாலும் சாப்பாட்டிலிருந்துதான் கிடைக்கின்றன. சாப்பாட்டில் இவை குறைவாக இருப்பவர்களுக்குத் தண்ணீரிலிருந்து வருவதும் ஒரு பங்குதான் என்பதால், அதை அலட்சியப்படுத்தச் சொல்ல மாட்டேன். 2005இல் உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் உள்ள சத்துகளைப் பற்றி ஒரு தனி அறிக்கையே வெளியிட்டது. எங்கள் வீட்டில் இந்தத் தண்ணீர் குடிப்பதற்கு மட்டும், சமையல் கிணற்றுத் தண்ணீரில்தான். ஆனால் உங்கள் தண்ணீரில் ஆர்செனிக்கோ ஃப்ளோரைடோ வரம்பு மீறியிருந்தால் இந்தப் பாகுபாடு கூடாது, சமையலுக்கும் சுத்தமான தண்ணீரே வேண்டும். சிறுநீரக நோய் போன்றவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அமிலத்தன்மை பற்றிப் பயமுறுத்துவார்கள். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு கரைந்து பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 6க்குக் கீழே கூட இறங்கும் என்பது உண்மை. எதிர்க்க உப்பு எதுவும் இல்லாததால் துளி அமிலத்துக்கே எண் இறங்கிவிடுகிறது, குடிப்பதால் ஒன்றும் ஆகாது.

சேமிப்பதில் கவனம் தேவை. இந்தத் தண்ணீர் உலோகத்தை அரிக்கும், செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் ஊற்றி வைக்கவே கூடாது. கண்ணாடியோ நல்ல ஸ்டீலோ போதும். கிருமியைத் தடுக்கக் குளோரினும் இதில் இல்லை. மூடாத பாத்திரம், உள்ளே விட்டு மொள்ளும் டம்ளர் என்று இருந்தால் இவ்வளவு பாடுபட்டதும் வீண்.

மின்சாரம் இல்லாமல் வெயிலில் வடிக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். முடியும். 1872இலேயே சிலி நாட்டின் லாஸ் சாலினாஸில் சுரங்கக் குடியிருப்புக்காகச் சார்லஸ் வில்சன் கண்ணாடி மூடிய பெரிய சூரிய வடிகலன்களை அமைத்து உவர்நீரைக் குடிநீராக்கினார். ஆனால் ஒரு சதுர மீட்டருக்கு நல்ல வெயில் நாளில் மூன்று நான்கு லிட்டர் தேறினால் அதிகம். மொட்டை மாடியில் இடம் இருந்து, தூசியைத் துடைக்கப் பொறுமையும் இருப்பவர்களுக்குத் தோதுப்படும்.

வாங்குவதாக இருந்தால் சுருளும் மூடியின் உட்பக்கமும் ஸ்டீல்தானா, ஜாடி கண்ணாடியா, தண்ணீர் வற்றினால் தானாக நிற்கிறதா என்று பாருங்கள். தொட்டிக்குள் கையை முழுதாக விட்டுத் தேய்க்க முடிய வேண்டும், வாய் குறுகலாக இருந்தால் வாங்காதீர்கள். விசிறியும் கேஸ்கெட்டும் (மூடி இறுக்கமாக உட்காரும் வளையம்) தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள், முதலில் தேய்வது அவைதான். வந்த உடனே இரண்டு மூன்று தொட்டி ஓட்டிக் கொட்டிவிடுங்கள், தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய் வாடை அதில் போய்விடும். அந்தத் தண்ணீரைக் கீழே விட வேண்டியதில்லை, தரை துடைக்க ஆகும்.