புதிய ஆக்டேவியா ஆர்எஸ்ஸும் என் பழைய 230-உம்: தொப்பூரிலும் பென்னாகரத்திலும் ஓட்டிப் பார்த்த அனுபவம்

என்னிடம் இருப்பது 2017-இல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230. ஆர்எஸ் என்பது ஆக்டேவியாவின் ஸ்போர்ட்ஸ் வடிவம். புதிதாக எடுத்த நாளிலிருந்து கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக்கு அது ஒன்றுதான் கார். மாங்கூழ் வியாபாரம் என்பதால் பெங்களூர், சேலம், சித்தூர் என்று மாதம் முழுக்க ஓட்டம்தான். ஓடோமீட்டர் லட்சத்தைத் தாண்டி நாளாகிவிட்டது. ஆசைக்கு வாங்கி ஷெட்டில் துணி போர்த்தி வைத்த வண்டி இல்லை இது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் இதில்தான், சீசனில் மாதிரிக் கூழ் டின்களை அடுக்கிக்கொண்டு போவதும் இதில்தான். 590 லிட்டர் டிக்கி அதற்கெல்லாம் தாராளம்.

2025 அக்டோபரில் புதிய ஆர்எஸ் வந்தது. முழுதாக இறக்குமதி செய்த வண்டி, இந்தியாவுக்கு மொத்தமே 100தான். விலை அறிவிக்கும் முன்பே எல்லாம் புக்கிங் ஆகிவிட்டது. ஓசூரில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு அதில் ஒன்று கிடைத்தது. ரன்னிங்-இன் (புது என்ஜினை முதலில் நிதானமாக ஓட்டிப் பழக்குவது) முடிந்ததும், "எடுத்துட்டுப் போங்கண்ணா, உங்க பக்கத்து ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டு சொல்லுங்க" என்று சாவியைக் கையில் கொடுத்தார். அவர் என் வண்டியை எடுத்துக்கொண்டார். சில வாரங்கள் இப்படி மாற்றி மாற்றி ஓட்டினோம். ஷோரூம் ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சர்வீஸ் ரோட்டில் யூ-டர்ன் போட்டுத் திரும்பி வரும் டெஸ்ட் டிரைவில் இந்த மாதிரி வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு கணவாய், ஒரு காட்டுப் பாதை, ஒரு ராத்திரிப் பயணம், பின் சீட்டில் வயதானவர் ஒருவர். இத்தனையும் பார்த்தபிறகுதான் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ஜினுக்காக யாரும் 230-ஐ விற்றுவிட்டு இதற்கு மாற வேண்டாம். மாறுவதென்றால் முன் டிஃபரன்ஷியலுக்காகவும் (இரண்டு முன்சக்கரத்துக்கும் பவரைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) ஹெட்லைட்டுக்காகவும் மாறலாம். மாறாமல் இருப்பதென்றால் டயருக்காக இருக்கலாம்.

என்ஜின் கணக்கைப் பார்ப்போம். இரண்டுமே 2 லிட்டர் டர்போ பெட்ரோல். என்னுடையது 230 பிஎஸ் (குதிரைத்திறன்), 350 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை), 6 கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). புதியது 265 பிஎஸ், 370 நியூட்டன் மீட்டர், 7 கியர் டிஎஸ்ஜி. 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட என்னுடையதற்கு 6.8 நொடி, புதியதற்கு 6.4 நொடி என்பது கம்பெனிக் கணக்கு. 35 பிஎஸ் கூடியும் 0.4 நொடிதான் குறைந்திருக்கிறது. இவ்வளவு பவரையும் முன்சக்கரம் இரண்டு மட்டுமே ரோட்டில் இறக்க வேண்டும். புறப்படும்போது டயரின் பிடிதான் எல்லை, பவர் அங்கே உதவாது. வித்தியாசம் தெரிவது 80-க்கு மேலே. நாலு வழிச் சாலையில் காருக்கு 100தான் அனுமதி என்கிறபோது, அந்த வித்தியாசத்தை அனுபவிக்க நமக்குக் கிடைக்கிற இடைவெளி ரொம்பக் குறுகியது.

ஓவர்டேக்கில் எப்படி? ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகப் போகும் 844-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் விடியற்காலையில் தக்காளி ஏற்றிய பிக்கப்புகள் வரிசையாக மண்டிக்குப் போகும். 60-இல் போகிற பிக்கப்பைத் தாண்ட ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்தால் போதும், இரண்டு வண்டியுமே ஒரு மூச்சில் தாண்டிவிடும். என் வண்டியில் 1,500 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க்கும் கைக்கு வந்துவிடுகிறது. புதியதில் 1,600. ஓட்டுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் கியர்பாக்ஸ் அப்படி இல்லை. புதிய 7 கியர் பெட்டி கியர் இறக்குவதில் தயங்குவதே இல்லை. என்னுடையது நார்மல் மோடில் ஒரு கணம் யோசிக்கும். அதனாலேயே ஓவர்டேக்குக்கு முன் இடது பேடிலைத் தட்டிக் கியரை இறக்கிக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. புதியதில் அந்த வேலை மிச்சம்.

தொப்பூர் கணவாயைப் பற்றி இந்தப் பக்கத்தில் கார் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிற லாரிகள், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் முன்னால் போகிறவர்களை வாரிக்கொண்டு போவது அங்கே திரும்பத் திரும்ப நடக்கிறது. அந்த இறக்கத்தில் ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஒரே ஒரு நல்ல பழக்கம்தான் வேண்டும்: கியரை இறக்கி என்ஜின் பிரேக்கில் வருவது. என் வண்டியில் மேனுவல் மோடில் மூன்றாம் கியரைப் போட்டுவிட்டால் ஆக்சிலரேட்டரில் கால் இல்லாமலே நிதானமாக இறங்கும். பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். இறங்கி முடித்து டீக்கடையில் நிறுத்தினால் வீலிலிருந்து பிரேக் வாடை வராது. புதியதிலும் இதே முறைதான். கியர்கள் நெருக்கமாக இருப்பதால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் மாற்றி மாற்றிப் பிடிக்க வசதியாக இருக்கிறது. ஆனால் ஈக்கோ மோடை மட்டும் கணவாயில் தொடக் கூடாது. காலை எடுத்ததும் என்ஜினைத் துண்டித்து வண்டியை மிதக்க விடப் பார்க்கும். சமவெளியில் பெட்ரோல் மிச்சம். தொப்பூரில் அது நியூட்ரலில் இறங்குவதற்குச் சமம்.

இப்போது டிஃபரன்ஷியல். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் காட்டுப் பாதையில் காலையில் போய், வெயில் ஏறும் முன் திரும்பினேன். சாயங்காலம் யானை குறுக்கே வரும் பாதை அது, அந்த நேரத்தில் யாரும் இந்த வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். திரும்பி ஏறும்போதுதான் சங்கதி. வளைவின் நடுவில், ஸ்டியரிங் இன்னும் திரும்பியே இருக்க, மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் என் வண்டியில் உள்பக்கச் சக்கரத்தின் பாரம் குறைந்து அது வழுக்கப் பார்க்கும். என் வண்டி அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்துச் சமாளிக்கிறது. பாதுகாப்புக்குக் குறைவில்லை, ஆனால் கொடுத்த பவரில் ஒரு பங்கு பிரேக்கில் போய்விடும், மூக்கு வளைவுக்கு வெளியே தள்ளும். காலைத் தளர்த்திக் காத்திருக்க வேண்டும்.

புதியதில் முன் அச்சிலேயே மின்னணு கட்டுப்பாட்டில் ஒரு கிளட்ச் அடுக்கு இருக்கிறது. வழுக்கும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவதற்குப் பதிலாக, பிடி இருக்கிற வெளிச்சக்கரத்துக்கு டார்க்கைத் திருப்பி விடுகிறது. அதே வளைவு, அதே இடத்தில் மிதித்தேன். மூக்கு வெளியே போகவில்லை, வளைவின் உள்பக்கத்தை நோக்கியே இழுத்தது. 40, 45 வேகத்திலேயே இது கையில் தெரிகிறது. 35 பிஎஸ் தராத சந்தோஷத்தை இந்த ஒரு பாகம் தந்தது. ஸ்டியரிங்கில் லேசான இழுப்பு தெரியும், இரண்டு கையும் சக்கரத்தில் இருக்க வேண்டும். எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

2020-இல் 200 வண்டி மட்டும் வந்த ஆர்எஸ் 245-இலும் இதே ஏற்பாடு உண்டு. செகண்ட் ஹேண்டில் தேடுகிறவர்கள் 230-க்கும் 245-க்கும் நடுவில் குழம்பினால், மலைப் பாதை அதிகம் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்து 245-ஐப் பார்க்கலாம்.

அடுத்தது டயர். என்னுடையதில் 17 அங்குல வீல். புதியதில் 19. நின்ற இடத்தில் பார்க்க அழகுதான். ஆனால் பாலக்கோடு பக்கம் கிராமத்துக்குள் போனால், வெள்ளைக் கோடு அடிக்காத வேகத்தடையும், குழாய் பதித்துவிட்டு மூடாத பள்ளமும், பக்கவாட்டு ரப்பர் ஒல்லியான அந்த டயருக்கு எமன். ஒவ்வொரு பள்ளத்தையும் இடுப்பு எலும்பு எண்ணிச் சொல்கிறது. வேகத்தடையில் குறுக்காக ஏற்றி இறக்கினால்தான் முன் பம்பரின் உதடு உரசாமல் தப்பிக்கிறது. அம்மாவைப் பின் சீட்டில் உட்காரவைத்து தர்மபுரி போய் வந்தேன். இறங்கும்போது, "சீட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு நம்ம வண்டியே போதும்ப்பா" என்றார். 230-உம் மெத்து மெத்தென்ற வண்டி இல்லை. ஆனாலும் அதன் டயரில் பக்கவாட்டு ரப்பர் உயரம் கூட என்பதால் கொஞ்சம் அடியை வாங்கிக்கொள்கிறது. என் வண்டியிலேயே இத்தனை வருடத்தில் பள்ளத்தில் விழுந்து டயரின் பக்கவாட்டில் பந்து மாதிரி வீங்கியதும் உண்டு, ரிம் வளைந்து தட்டி எடுத்ததும் உண்டு. 19 அங்குலத்தில் அந்தச் செலவு எங்கே போய் நிற்கும் என்று நண்பரிடம் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

உள்ளே ரொம்ப நேரம் எழுத விருப்பமில்லை. பெரிய திரை, நல்ல சீட், நல்ல பாட்டு. ஏசியைக் கூட்டக் குறைக்கத் திரையைத் தொட வேண்டியிருப்பது எனக்கு ஒப்பவில்லை. என் வண்டியில் திருகுவதற்குக் குமிழ் இருக்கிறது, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் கை தானாகப் போகும். லேன் அசிஸ்ட் நம் ஊருக்குப் பொருந்தாது. சர்வீஸ் ரோட்டு முனையில் எதிர்த்திசையில் வரும் டூவீலருக்கு ஒதுங்கினால், ஸ்டியரிங் திரும்பக் கோட்டுக்குள் இழுக்கிறது. அணைத்துவிட்டுத்தான் ஓட்டினேன்.

ஆனால் ஹெட்லைட்டைச் சொல்லியே ஆக வேண்டும். ராத்திரி 844-இல் பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர்தான் பெரிய ஆபத்து. புதியதில் இருக்கும் மேட்ரிக்ஸ் எல்இடி, ஹைபீமிலேயே ஓடிக்கொண்டிருக்கும்போது எதிரே வருகிற வண்டி இருக்கும் பகுதியை மட்டும் இருட்டாக்கிவிட்டு மற்ற இடத்தை வெளிச்சத்திலேயே வைக்கிறது. எதிரே வரும் லாரிக்குக் கண் கூசவில்லை, எனக்கோ சாலை ஓரம் முழுக்கத் தெரிந்தது. வெகுதூரத்திலேயே டிரெய்லரின் இரும்புச் சட்டம் மின்னியது. என் வண்டியில் அந்த நேரத்தில் டிம் போட்டிருப்பேன், பக்கத்தில் வந்தபிறகுதான் தெரிந்திருக்கும். என் வண்டியில் இல்லாததில் எனக்கு மனதார வேண்டியது இது ஒன்றுதான்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதியதில் ஸ்போர்ட் மோடில் உள்ளே கேட்கிற உறுமலில் ஒரு பங்கு செயற்கையாகச் சேர்த்தது. தர்மபுரியில் தெரிந்தவர் ஒருவர் இன்னும் 2011 லாரா ஆர்எஸ் (இரண்டாம் தலைமுறை ஆக்டேவியா இங்கே லாரா என்ற பெயரில்தான் விற்றது) வைத்திருக்கிறார். 1.8 லிட்டர், 160 பிஎஸ், 6 கியர் மேனுவல். அதற்கும் முன்பு 2004-இல் நம் நாட்டுக்கு வந்த முதல் ஆர்எஸ்ஸின் பவர் 150 பிஎஸ்தான், அதுவும் மேனுவல். லாராவையும் அதே வாரத்தில் தொப்பூர் ஏற்றத்தில் ஓட்டினேன். லாரிகளுக்கு நடுவில் மூன்றாம் கியரில் டர்போ சேரும் இடத்தைக் காலால் தேடிப் பிடித்து ஏற்ற வேண்டும். வேகத்தில் மூன்றிலும் அதுதான் கடைசி. ஆனால் ஓட்டி முடித்து இறங்கியபோது கைக்கும் காலுக்கும் வேலை செய்த திருப்தி அதில்தான் அதிகம். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் எனக்கு அந்தத் திருப்திதான் முக்கியம், அதை மறைக்க மாட்டேன். ஒவ்வொரு தலைமுறையிலும் ஆர்எஸ் வேகமாகிறது, ஓட்டுகிறவர் செய்ய வேண்டியது குறைகிறது. நடுவில் நிற்கிற 230 இரண்டிலும் பாதி பாதி வைத்திருக்கிறது.

விலைக்கு வருவோம். 230 வந்தபோது எக்ஸ்-ஷோரூம் 24.62 லட்சம். 245 சுமார் 36 லட்சம். புதியது 49.99 லட்சம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்குச் சாலை வரி 20 சதவீதம், அதாவது வரி மட்டுமே ஏறத்தாழ 10 லட்சம். இன்சூரன்ஸ் சேர்த்தால் ரோட்டுக்கு வரும்போது 60 லட்சத்தைத் தாண்டும். இந்தப் பணத்துக்கு ஜெர்மன் சொகுசுக் கார் வாங்கலாமே என்று எல்லாரும் கேட்பார்கள். வாங்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய டிக்கியும், நாலு பேர் தாராளமாக உட்காரும் இடமும், பென்னாகரம் வளைவில் அந்த இழுப்பும் ஒரே வண்டியில் சேர்ந்து கிடைக்காது. நண்பர் கொடுத்த பணம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். நான் கொடுப்பேனா என்றால், மாட்டேன்.

என் வண்டியை இன்னும் சில வருடம் வைத்திருக்கப் போகிறேன். இப்போது எனக்கு இருக்கிற ஒரே கவலை பெட்ரோல். 2017-இல் இந்த வண்டி வந்தபோது பங்க்கில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் கிடையாது. இப்போது எங்கும் அதுதான். மைலேஜ் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஹைவேயில் நிதானமாகப் போனால் லிட்டருக்கு 13 வரும். பெங்களூர் போகும்போதெல்லாம் 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டுக்கொள்கிறேன். சர்வீஸுக்கு விடும்போது எரிபொருள் ஹோஸ்களையும் ஒருமுறை பார்க்கச் சொல்கிறேன்.

செகண்ட் ஹேண்டில் 230 வாங்க நினைப்பவர்கள் பெயின்ட் பளபளப்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டிஎஸ்ஜி ஆயிலை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிய பில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நாலு டயரின் உள்பக்கத்தையும் கையால் தடவிப் பாருங்கள், வீக்கம் இருந்தால் விரலில் தட்டும். பிறகு ஏதாவது ஒரு மேட்டில், ஸ்டியரிங்கைத் திருப்பி வைத்துக்கொண்டு, மெதுவாக முதல் கியரில் ஏற்றிப் பாருங்கள். குலுக்காமல், கடக் முடக் சத்தம் இல்லாமல் ஏறினால் மேற்கொண்டு விலை பேசலாம்.