வயலுக்கு நடுவே 0.37 ஆள்

31 ஆண்டுகள் புவியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எதைப் பார்த்தாலும் மதிப்பெண் போடாமல் விட மனசு வராது. கடந்த எட்டு மாதமாக என் சிவப்பு மையில் மாட்டியிருப்பவை இரண்டு வகை இலவச வரைபடச் சேவைகள். ஒன்று நிலத்தைக் காட்டுவது, மற்றொன்று மக்களைக் காட்டுவது. பெரிய நகரத்தை வைத்துச் சோதித்தால் இரண்டுமே பிரமாதமாகத்தான் தெரியும். அதனால் ஐம்பது அறுபது கூரைகள், சுற்றிலும் வயல், அவ்வளவே உள்ள ஒரு விவசாயச் சிற்றூரை எடுத்துக்கொண்டேன். அங்கே நான் போனதில்லை. போகாமலே எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் கேள்வி.

முதலில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் பிரிட்டனில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் வரையலாம், அடுத்தவர் வரைந்ததைத் திருத்தலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். எடுத்த இடத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் திறந்தபோது என் சிற்றூர் இருந்த இடத்தில் ஒரே ஒரு சாலைக்கோடு. வீடில்லை, குளமில்லை, பெயரும் இல்லை. இதற்காக இந்த வரைபடத்தைக் கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை. இங்கே யாரும் வரையாத ஊர் காலியாகத்தான் இருக்கும். சரி, நாமே வரைவோம் என்று உட்கார்ந்தேன்.

உலாவியிலேயே திறக்கும் ‘ஐடி’ என்ற வரைவுக் கருவி எனக்குப் பிடித்துப்போயிற்று. பின்னால் செயற்கைக்கோள் படம், அதன் மேல் நாம் புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். கூரையின் நான்கு மூலையும் கோணலாக விழுந்தால் ‘க்யூ’ எழுத்தைத் தட்டினால் போதும், செங்கோணமாக நிமிர்ந்துவிடும். கரும்பலகையில் சாக்பீஸால் சதுரம் போட்டுப் போட்டுத் தோற்றவளுக்கு இது பெரிய ஆறுதல். முதல் நாளே செய்துகொள்ள வேண்டிய வேலை ஒன்று உண்டு. பின்னால் தெரியும் படம் தரையோடு சில மீட்டர் விலகி இருக்கலாம். பலர் நடந்து பதிந்த ஜிபிஎஸ் தடங்கள் அந்தப் பகுதியில் இருந்தால் அவற்றோடு படத்தை நகர்த்திப் பொருத்திக்கொள்ள அதிலேயே வசதி இருக்கிறது. நான் அதைக் கவனிக்காமல் பன்னிரண்டு கூரைகளை வரைந்து, அப்புறம் பன்னிரண்டையும் இழுத்து நகர்த்தினேன்.

இன்னொரு தவறும் என்னுடையதுதான். வட்டமாகத் தெரிந்த ஏழு உருவங்களைக் குடிசைகள் என்று வரைந்து சேமித்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து முகம் தெரியாத ஒருவர் என் திருத்தத்தின் கீழ் பணிவாக ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: அவை வைக்கோல் போர்களாக இருக்கலாம், பழைய படத்தையும் பாருங்கள் என்று. பார்த்தேன். பழைய படத்தில் ஏழில் ஐந்து இல்லவே இல்லை. இருந்த இரண்டும் இடம் மாறி இருந்தன. வீடு இடம் மாறாது. முகம் சிவந்தாலும், மாணவியாக உட்கார்ந்து கொட்டு வாங்கியதில் ஒரு சந்தோஷம்.

அன்றிலிருந்து கூரையை மட்டும் பார்ப்பதில்லை. நிழலைப் பார்க்கிறேன், வாசலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையைப் பார்க்கிறேன். மக்கள் நடந்து தேய்ந்த தடம் வீட்டுக்குப் போகும். மண் குழைந்து கறுத்த பட்டை பெரும்பாலும் மாட்டுத்தொழுவத்துக்குப் போகும். விவசாயச் சிற்றூரில் கூரைகளின் எண்ணிக்கை வேறு, வீடுகளின் எண்ணிக்கை வேறு. தொழுவம், தானியக் கொட்டில், பம்பு செட்டு அறை எல்லாமே மேலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி நீள்சதுரம்தான். நான் வரைந்த 58 கூரைகளில் வீடு என்று துணிந்து சொல்லக்கூடியவை 31.

நிலத்தின் மேடு பள்ளத்துக்கு ஓப்பன்டோப்போமேப்பைத் திறந்தேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலோடு சமஉயரக் கோடுகளைச் சேர்த்துக் காட்டும் அழகான படம். இப்படிப்பட்ட கோடுகளுக்கு முக்கிய மூலம், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி ரேடாரால் எடுத்த உயர அளவு. மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் அது பொக்கிஷம். சமவெளிச் சிற்றூருக்கு அவ்வளவாக உதவாது. அந்த அளவைக்கு வைத்த துல்லிய வரம்பே 16 மீட்டர். மரம் அடர்ந்த இடத்தில் ரேடார் தரையைத் தொடாமல் இலைக்கூட்டத்திலேயே திரும்பிவிடும். விவசாயச் சிற்றூரின் பூகோளமோ ஒன்றிரண்டு மீட்டரில்தான் இருக்கிறது. வெள்ளம் ஏறாத திட்டில் வீடுகள், அதற்குக் கீழே வயல், அதற்கும் கீழே தண்ணீர். அந்தச் சின்ன ஏற்றம்தான் ஊர் ஏன் இங்கே இருக்கிறது என்பதற்கே காரணம், அது எந்தக் கோட்டிலும் வராது. வீடுகள் குவிந்திருக்கும் விதத்தையும் குளம் நிறைந்த படத்தையும் வைத்து நாமே ஊகிக்க வேண்டியதுதான்.

வயல்களுக்கு ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள். முதல் கோள் 2015 ஜூனிலும் இரண்டாவது 2017 மார்ச்சிலும் ஏவப்பட்டன. இந்த வகைக் கோள்கள் இரண்டு சேர்ந்து சுற்றினால் ஐந்து நாளைக்கு ஒரு படம், காசு இல்லாமல். மேகம் விலகும்போதெல்லாம் பயிர் பச்சையாவதும் பழுப்பதும் உழவு மண்ணாவதும் வரிசையாக ஓடும். ஒரு முழு ஆண்டை அப்படி ஓட்டிப் பார்த்துக் கண் கலங்கினேன் என்றால் சிரிக்காதீர்கள். ஆனால் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். அரை ஏக்கர் வயல் என்றால் மொத்தமே இருபது புள்ளிதான், அதிலும் ஓரப் புள்ளிகளில் வரப்பும் பக்கத்து வயலும் கலந்திருக்கும். பெரிய பண்ணைகளுக்குப் போதும். துண்டு துண்டான நிலங்களுக்கு எல்லைக் கோடு போட இதை நம்ப வேண்டாம்.

நிலத்துக்கு எட்டு மதிப்பெண். இனி மக்கள்.

மக்கள்தொகையைக் கட்டம் கட்டமாகக் காட்டும் கோப்புகள் பல இணையத்தில் கிடைக்கின்றன. நான் முதலில் இறக்கியது எந்த நிறுவனத்துடையது என்று சொல்லவில்லை. முறை பலருக்கும் ஒன்றுதான். கணக்கெடுப்பில் ஒரு பெரிய பகுதிக்குக் கிடைத்த மொத்த எண்ணை எடுத்துக்கொண்டு, சாலை, இரவு வெளிச்சம், சரிவு, கட்டிடம் போன்ற தடயங்களை வைத்து 100 மீட்டர் கட்டங்களுக்குப் பங்கு போடுவார்கள். என் சிற்றூரின் கோப்பைத் திறந்து, வயலுக்கு நடுவே ஒரு கட்டத்தைச் சொடுக்கினேன். 0.37 என்று வந்தது. பக்கத்தில் இருந்த பேரன் கேட்டான்: “பாட்டி, 0.37 ஆளுன்னா கால் மட்டும் நிக்குதா?”

அவனுக்குச் சொன்ன பதில் இது. அது அங்கே நிற்பவர்களின் எண்ணிக்கை அல்ல, பங்கு. நூறு கட்டத்தைக் கூட்டினால் 37 பேர் என்று படிக்க வேண்டும். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வேர்ல்ட்பாப் இதை ஒளிக்காமல் இரண்டு வகையாகப் பிரித்தே தருகிறது. ஒரு வகையில் நிலமாக உள்ள எல்லாக் கட்டத்துக்கும் ஒரு துளி மக்கள் விழும். மற்றொரு வகையில் கட்டிடம் இருப்பதாகக் கண்ட கட்டங்களுக்கு மட்டும். சிற்றூரைப் பார்ப்பவர்கள் இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கேயும் தொழுவம் ஒரு கட்டிடம்தான் என்பதை மறக்கக் கூடாது. மாடு கட்டிய இடத்தில் நாலு பேரைக் குடிவைத்துவிடும்.

இவற்றில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்து லேண்ட்ஸ்கேன் ஒரு தனி ரகம். அது கேட்பது மக்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று இல்லை, 24 மணி நேரச் சராசரியில் எங்கே இருக்கிறார்கள் என்று. விடிந்ததும் வயலுக்குப் போய் இருட்டியதும் திரும்பும் சமூகத்துக்கு இது ரொம்பப் பொருத்தமான கேள்வி. துரதிர்ஷ்டம், கட்டம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். வீடும் வயலும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடுவதால், கேள்வி அருமையாக இருந்தும் என் ஊருக்கு விடை இல்லை.

இந்த ஒரு கிலோமீட்டர் கட்டத்தால் இன்னொரு வேடிக்கை. எது நகரம், எது கிராமம் என்று உலகம் முழுவதும் ஒரே அளவுகோலில் பிரிக்க ஒரு முறையை 2020 மார்ச்சில் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்டது. சதுர கிலோமீட்டருக்கு 1,500 பேர் அடர்ந்த கட்டங்கள் சேர்ந்து 50,000 பேர் இருந்தால் நகர மையம். 300 பேர் அடர்ந்த கட்டங்கள் சேர்ந்து 500 முதல் 5,000 பேர் வரை இருந்தால் கிராமம். அதற்குக் குறைந்தால் சிதறிய ஊரகப் பகுதி, இன்னும் குறைந்தால் பெரும்பாலும் ஆளில்லாப் பகுதி. கணக்கு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் 550 பேர் நெருக்கமாக வாழும் ஓர் ஊரின் நடுவே கட்டக்கோடு ஓடினால்? இரண்டு பக்கமும் 275, 275. இரண்டு கட்டமுமே 300-ஐத் தொடவில்லை. அந்த மக்கள் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்தாலும் பட்டியலில் சிதறி வாழ்கிறவர்கள். கோடு ஊருக்கு வெளியே தள்ளி விழுந்திருந்தால் அது கிராமம். நாடுகளை ஒப்பிடுவதற்கு உருவாக்கிய முறையை ஒற்றை ஊருக்குப் போட்டுப் பார்ப்பது என் தப்புதான். இருந்தாலும் பலர் அப்படித்தான் போட்டுப் பார்க்கிறார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

சரி, கடைசியில் எத்தனை பேர்? 31 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் 124. ஐந்து என்றால் 155. இறக்கிய கோப்பில் அதே பரப்பைக் கூட்டினால் 230-ஐத் தாண்டுகிறது. பாதி வீடு பூட்டியிருந்தால், அறுவடைக்கு வெளியூர் ஆட்கள் வந்து தங்கியிருந்தால் எல்லாமே தப்பு. கணக்கெடுப்பிலேயே அன்றிரவு அங்கே இருந்தவர்களை எண்ணுவது ஒரு முறை, வழக்கமாக வசிப்பவர்களை எண்ணுவது இன்னொரு முறை. பருவத்துக்குப் பருவம் ஆள் கூடிக் குறையும் ஊரில் இரண்டும் வெகுதூரம் விலகும். பெரிய நகரத்தில் நூறு பேர் பிசகினால் யாருக்கும் தெரியாது. இங்கே அந்த நூறு பேர்தான் ஊர். மக்கள்தொகைக் கோப்புகளுக்கு நாலு மதிப்பெண், அதுவும் முறையை விளக்கி எழுதியவர்களுக்காக.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஊரைக் குறிக்கும்போது வகை கேட்கும். ஒன்றிரண்டு குடும்பம் மட்டும் என்றால் தனி வசிப்பிடம், ஏறத்தாழ 100-200 பேருக்குள் என்றால் ‘ஹேம்லெட்’, அதற்கு மேல் ‘வில்லேஜ்’. என் மூன்று கணக்கில் இரண்டு ஹேம்லெட் பக்கம் நின்றதால் அதையே போட்டேன். கீழே மக்கள்தொகை என்று ஒரு பெட்டி இருந்தது. அதைக் காலியாக விட்டேன். போன வாரம் வந்த புதுப் படத்தில் குளத்துக்கு மேற்கே 59-வது கூரை ஒன்று முளைத்திருக்கிறது. பாதை இன்னும் தேயவில்லை, படம் உச்சி வெயிலில் எடுத்தது, நிழலும் இல்லை. வீடா தொழுவமா என்று தெரிய அடுத்த படத்துக்குக் காத்திருக்கிறேன்.