மூட்டையில் இல்லாத பெயர்: நான்கு வருட லிங்க்ட்இன் அனுபவம்

குன்னூர் ஏலத்துக்குப் போகும் தேயிலை மூட்டையில் ஃபேக்டரி மார்க் இருக்கும், கிரேடு இருக்கும், இன்வாய்ஸ் எண் இருக்கும். பக்குவம் பார்த்துச் செய்த டீ மேக்கரின் பெயர் இருக்காது. கோத்தகிரிப் பக்கம், இலையைத் தூளாக்காமல் உருட்டிச் செய்யும் ஓர் ஆர்த்தடாக்ஸ் டீ ஃபேக்டரியில் 15 வருடமாக அந்த வேலையைத்தான் பார்க்கிறேன். வேறு இடம் தேடிய இரண்டு முறையும், என் கைவேலை தெரிந்தவர்கள் நாலு பேருக்கு மேல் இல்லை என்பது உறைத்தது. 2021-ல் லிங்க்ட்இன் கணக்குத் தொடங்கியது அதனால்தான்.

முதல் வருடம் வீண். பெயருக்குக் கீழே 220 எழுத்துக்கு இடம் தருகிறார்கள். அதில் "அர்ப்பணிப்பு மிக்க தேயிலைத் துறை வல்லுநர்" என்று எழுதி வைத்தேன். பொன்மொழிகளும் பண்டிகை வாழ்த்தும் போட்டேன். லைக் வந்தது, ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

வழி காட்டியது அக்கா மகள். "மாமா, ராத்திரி ரெண்டு மணிக்குப் போய் இலையைக் கையில புடிச்சுப் பாக்குறீங்களே, அதை எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். ட்ரஃபில், அதாவது கொழுந்தைப் பரப்பிக் காற்று விட்டு வாட்டும் நீளத் தொட்டியில், வாடிய கொழுந்தை ஒரு கைப்பிடி அள்ளி, இறுக்கிப் பிடித்து, கையை விரிக்க வேண்டும். உருண்டை கொஞ்சம் நின்று மெல்ல அவிழ்ந்தால் வாட்டம் சரி. சட்டென்று பிரிந்தால் இன்னும் நேரம் வேண்டும். காம்பை மடக்கினால் ஒடியாமல் வளைய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்களுக்கு வருவதெல்லாம் ஈர இலைதான். அவசரப்பட்டுச் சூடான காற்றை விட்டால் ஓரம் கருகிவிடும், காம்பு பச்சையாகவே நிற்கும். இதைப் படத்தோடு போட்டபோது லைக் வழக்கத்தைவிடக் குறைவு. ஆனால் வால்பாறையிலிருந்து ஒரு டீ மேக்கர், ஆடி மழையைத் தாம் எப்படிச் சமாளிக்கிறார் என்று நீளமாக எழுதினார். சென்னையில் டீ வியாபாரம் செய்பவர் ஒருவர், நவம்பர் சரக்கு ஏன் சப்பென்று இருக்கிறது என்று கேட்டார். அதன் பிறகு நான் லைக்கை எண்ணுவதில்லை. உள்பெட்டியில் என்ன கேட்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன். தலைப்பு வரியையும் மாற்றிவிட்டேன்: "ஆர்த்தடாக்ஸ் டீ மேக்கர், கோத்தகிரி. மழைக்கால வாட்டல் பற்றிக் கேளுங்கள்."

இடையில் ஒரு தவறு நடந்தது. மாதக் கட்டணத்துக்குப் பதிவு எழுதித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் பொறுப்பை விட்டேன். மொழி பளபளவென்று இருந்தது. மூன்றாம் மாதம் கிரீன் டீயை நொதிக்க வைப்பதாக ஒரு வரி என் பெயரில் வந்துவிட்டது. நொதிக்க விடாமல் தடுத்தால்தானே அது கிரீன் டீ! வால்பாறைக்காரர் போன் பண்ணி, "அண்ணே, இதை நீங்க எழுதலதானே?" என்றார். எனக்குத் தூக்கம் போயிற்று. அன்றே நிறுத்தினேன். பெயர் சம்பாதிக்கும் எழுத்தை அடுத்தவர் கையில் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தமிழிலும் எழுதுகிறேன், ஆங்கிலத்திலும் எழுதுகிறேன். தமிழ்ப் பதிவுக்குச் சிறு விவசாயிகளும் ஃபேக்டரி ஆட்களும் வருகிறார்கள், ஆங்கிலத்துக்கு வாங்குபவர்கள். இரண்டும் வேண்டும். முதலாளியிடம் முன்பே அனுமதி வாங்கினேன். லாட் விலை, வாங்குபவர் பெயர், டிரையர் சூடு இவற்றை வெளியில் சொல்வதில்லை. வாரம் ஒரு பதிவு, ஞாயிறு இரவு. பதில்களோடு சேர்த்து மூன்று மணி நேரம் ஆகிறது.

பலன் வந்தது மூன்றாம் வருடத்தில்தான். இரண்டு வேலை அழைப்புகள் வந்தன. போகவில்லை, ஆனால் சம்பளப் பேச்சில் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். குந்தா பக்கம் சில சிறு விவசாயிகள் சேர்ந்து கையால் உருட்டும் டீ செய்கிறார்கள். மாதம் ஒரு நாள் போய்ச் சொல்லித் தருகிறேன், கட்டணமும் தருகிறார்கள். ஆறு மாதத்தில் ஏதாவது கிடைக்கும் என்று நினைப்பவருக்கு இது ஒத்துவராது.

போன வாரம் மஞ்சூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் புதிதாகச் சேர்ந்த பெண், நடுராத்திரியில் வீடியோ அனுப்பி, "அண்ணா, இது போதுமா?" என்று கேட்டார். விரித்த உள்ளங்கையில் உருண்டை சட்டென்று பிரிந்தது. இன்னும் ஒரு மணி நேரம் விடச் சொன்னேன்.