மீள்திறனை அளக்க 17 கேள்விகள்: சி.ஒய்.ஆர்.எம்-ஆர் வினாத்தாள் எப்படி?

வறுமையிலும் புறக்கணிப்பிலும் வளரும் பிள்ளைகளிடம் மீள்திறனை, அதாவது கஷ்டத்தைத் தாங்கி மீண்டு வரும் திறனை, அளக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மன உறுதியைத்தான் அளந்துவிட்டு வருகிறார்கள். 2003இல் வெளிவந்த கானர்-டேவிட்சன் மீள்திறன் அளவுகோலின் 25 வாக்கியங்களும் பெரும்பாலும் ஆளின் குணத்தையே சுற்றுகின்றன. கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் உங்கர் குழுவினர் உருவாக்கிய சி.ஒய்.ஆர்.எம்-ஆர் (சிறுவர், இளைஞர் மீள்திறன் அளவுகோலின் திருத்திய வடிவம்), பிள்ளையைச் சுற்றி என்ன இருக்கிறது என்றும் கேட்கிறது. பசித்தால் போதிய சாப்பாடு உண்டா? நியாயமாக நடத்துகிறார்களா? கஷ்ட காலத்தில் நண்பர்கள் துணை நிற்பார்களா? இந்தக் கேள்விகளுக்காகவே இதை எடுக்கலாம். கட்டணம் கிடையாது.

10 முதல் 23 வயதுவரை உள்ளவர்களுக்கானது. பதில்கள் ஐந்து படிகளில் என்றால் மதிப்பெண் 17 முதல் 85 வரை. மூன்று படிகளில் என்றால் 17 முதல் 51 வரை. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு மூன்று படிகளே நல்லது, நாமே வாசித்துக் காட்டலாம். முதல் சுற்றில் ஒன்று, அடுத்த சுற்றில் இன்னொன்று என்று மாற்றினால் ஒப்பிடவே முடியாது.

எல்லா வாக்கியங்களும் நேர்மறை. அதனால் அலுப்பில் ஒரே கட்டத்தில் வரிசையாக டிக் அடித்தாலும் 'மீள்திறன் மிக்க பிள்ளை' ஆகிவிடலாம். விடுதிக் காப்பாளரோ ஆசிரியரோ பக்கத்தில் நின்றால் பதில்கள் இன்னும் இனிப்பாகும். பெற்றோரைப் பற்றிய கேள்விகளில், காப்பகத்தில் வளரும் பிள்ளை யாரை மனத்தில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும் என்பதைத் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

பெரிய குறை கூட்டல் முறையில் இருக்கிறது. 10 கேள்விகள் தனிநபர் பிரிவு, 7 கேள்விகள் பராமரிப்பாளர் உறவுப் பிரிவு. சாப்பாட்டுக் கேள்வி இரண்டாவதில் சேர்கிறது. கூலி போதாத வீட்டின் பசி, பெற்றோரின் அக்கறைக் குறைவுபோலத் தாளில் பதிவாகும். இது அந்தப் பெற்றோருக்குச் செய்யும் அநியாயம். பழைய 28 கேள்வி வடிவத்தில், உதவிக்கு எங்கே போவது என்று தெரியுமா என்றொரு கேள்வி இருந்தது. சுருக்கியபோது அது போய்விட்டது. கூடுதல் கேள்வியாக அதைத் திரும்பச் சேருங்கள், ஆனால் மொத்த மதிப்பெண்ணில் கூட்டாதீர்கள்.

யாருக்கு உதவி கொடுப்பது, யாரை விடுவது என்று பிரிக்க இந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தவே கூடாது. 70 வாங்கிய பிள்ளையும் சாப்பாட்டுக் கேள்விக்கு 1 போட்டிருக்கலாம். ஒவ்வொரு தாளிலும் முதலில் 6ஆம் கேள்வியையும் 13ஆம் கேள்வியையும் பாருங்கள். பசியும் பாகுபாடும் அங்கேதான் தெரியும்.