ஒப்புமை வினா: வாக்கியம் அமைப்பதா, விடைகளிலிருந்து போவதா?

முதல் இரண்டுக்கும் உள்ள உறவே அடுத்த இரண்டுக்கும் வரும்படி விடுபட்டதைக் கண்டுபிடிப்பதுதான் ஒப்புமை வினா. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்கள் இதை இரண்டு வழியில் போடுகிறார்கள்.

முதல் வழியில், விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு உறவை ஒரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். பனை : பதநீர் :: ரப்பர் : ? விடைகள் டயர், பால், தோட்டம், இலை. ‘பனையிலிருந்து கிடைப்பது பதநீர்’ என்று தளர்வாகச் சொன்னால் டயரும் பொருந்துகிற மாதிரி தெரியும். பலர் சறுக்குவது இங்கேதான். ‘மரத்தில் சீவி நேரடியாக எடுப்பது’ என்று இறுக்கிச் சொல்லுங்கள். பால் மட்டுமே நிற்கும். நம்மூரில் விடியலில் ரப்பர் வெட்டப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

எண்களில் இரண்டாவது வழி, அதாவது கொடுத்த விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது, கைகொடுக்கும். 6 : 222 :: 7 : ? விடைகள் 210, 343, 350, 336. 222-ஐ 6-ஆல் வகுத்தால் 37, அதாவது 36+1; 36 என்பது 6×6. இனி விடைகளை 7-ஆல் வகுங்கள்: 30, 49, 50, 48. 7×7 = 49; 49+1 ஆக வருவது 50, எனவே 350. 343 வெறும் 7-இன் கனம். அவசரக்காரர்களுக்கு வைத்த பொறி.

சொல் வினாவில் விடையை முதலில் பார்ப்பது ஆபத்து. பழகிய சொல் கண்ணை இழுத்துவிடும். பட்டதாரிகளுக்கான எஸ்.எஸ்.சி. தேர்வான சி.ஜி.எல். முதல் கட்டத்தில் 60 நிமிடத்தில் 100 வினா. ஒன்றுக்கு 36 விநாடி. தவறுக்கு அரை மதிப்பெண் போகும். அதனால் சொல்லுக்கு வாக்கியம், எண்ணுக்கு விடைகள் என்று பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை. எழுத்து வினா எண் வினா மாதிரிதான்: A=1, Z=26 என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.